மலையடிவார ஊர்களில் சாக்கடை ஜலத்தைச் சுத்தி செய்தல்

நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையம் போன்ற ஊர்களின் கழிவு ஜலம் பவானி நதியில் கலக்குமாயின், 1955-ல் முடிவுற்ற பவானிசாகர் அணை வழியே கீழ்பவானிப் பாசன வயல்களையே சேரும். ஆகையால் சுத்திகரிப்புக் குட்டைகளை நதிக்கு முன்னரே அமைத்தல் வேண்டும். ஊருக்குத் தாழ்வாயும் வெள்ள மட்டத்திற்கு மேலாயும் உள்ள நிலமே ஏற்றது. சரிவில் ஜலம் தானே இறங்குமாதலால் பம்பு வேண்டுவதில்லை. அவ்விடம் நல்ல விளைநிலமாகவே இருப்பதுண்டு. நிலச்சுவான்தார் தயங்குவது இங்கேதான்.

முதற்குட்டை 2 முதல் 5 மீட்டர் ஆழமிருக்கலாம். அதில் வண்டல் படியும். அடுத்தவை சுமார் ஒன்றரை மீட்டராயிருப்பின் வெயில் பட்டுப் பாசி வளர்ந்து கிருமிகள் மடியும். மழை ஜலத்தை இக்குழாய்களில் விடுதல் பெருந்தவறு. ஒரே கனமழையில் யாவும் அரைகுறையாய் வெளியேறிவிடும்.

சுத்தியான ஜலம் தீவனப் புல்லுக்கு உகந்தது. பச்சையாய் உண்ணும் காய்கறிகளுக்குப் பாய்ச்சுமுன் பரிசோதனை அவசியம். லிட்டருக்கு ஒரு குடற்புழு முட்டைக்கு மேல் இருத்தலாகாதென்பது 1989-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த வரம்பு.