துணியை அலசுவது யார்?

சென்ற பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் மகன் கூடத்தில் ஒரு பெட்டியைப் பிரித்தான். உள்ளே தோசைக்கல் அகலத்தில், வட்டமாக ஒரு யந்திரம். "அப்பா, இனிமே வீடு துடைக்க ஆளே வேண்டாம். இதுவே துடைச்சுடும்" என்றான். அவன் பேசியது தமிழில்தான். ஆனாலும், வாளியோடு நின்றிருந்த மாஷிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தாதா, அடுத்த மாசம் எனக்கு வேலை உண்டா?" என்று வங்காளியில் கேட்டாள்.

என் மனைவி உடனே "உண்டு" என்று சொல்லிவிட்டாள். நான்தான் அந்த யந்திரத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினேன். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது விடாத பழக்கம்.

தானே ஓடித் தூசி உறிஞ்சும் யந்திரங்கள் முதலில் வந்தன. ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி 2001-ல் 'ட்ரைலோபைட்' என்ற ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மூவர் 1990-ல் தொடங்கிய ஐரோபாட் கம்பெனி, 2002-ல் 'ரூம்பா'வை வெளியிட்டது. ஈரத்தில் தரை தேய்க்கும் 'ஸ்கூபா'வை அதே கம்பெனி 2005-ல்தான் அறிமுகப்படுத்தியது. தூசி உறிஞ்சுவதைவிடத் துடைப்பது எவ்வளவு சிரமம் என்பது இந்த யந்திரத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

முதல் சிரமம் வழுக்கல். யந்திரம் தன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று அறிகிறது. ஈரத்தில் சக்கரம் வழுக்கினால் கணக்குத் தவறும். மழையில் நனைந்த தண்டவாளத்தில் எஞ்சின் சக்கரம் வழுக்கினால் டிரைவர் மணல் தூவுவார். துடைத்த தரையில் மணல் தூவ முடியுமா? ஆகவே பல வடிவமைப்புகளில் துணியைப் பின்பக்கம் வைத்துவிடுகிறார்கள். சக்கரம் உலர்ந்த தரையில் முன்னே போகும், ஈரம் பின்னால் வரும். போதாததற்குத் திருப்பத்தை அளக்க ஜைரோஸ்கோப், சுவர்களை அளந்து வரைபடம் போட லேசர் அல்லது காமிரா. பழைய யந்திரங்கள் சுவரில் முட்டி முட்டித் திரும்பிக் குத்துமதிப்பாக வீட்டைச் சுற்றின. இன்றையவை வயல் உழுவதுபோல் வரிசை வரிசையாகப் போகின்றன.

இரண்டாவது சிரமம் எங்கள் வீட்டுக்கே உரியது. லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய வீடு; சிவப்புத் தரை, சுவரோரம் நாலு அங்குலக் கறுப்பு பார்டர். கல்கத்தாவில் இது தெரியாதவர் இல்லை. யந்திரம் கறுப்பைக் கண்டதும் நின்று, பின்வாங்கி, வேறு பக்கம் போயிற்று. கோளாறு என்று நினைத்தேன், இல்லை. அதன் அடியில் அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் கண்கள் இருக்கின்றன. கதிர் தரையில் பட்டுத் திரும்பினால் தரை உண்டு; திரும்பாவிட்டால் படிக்கட்டு, நில். கறுப்பு அந்தக் கதிரை விழுங்கிவிடுகிறது, ஆகவே எங்கள் பார்டர் அதற்குப் பாதாளம். சிக்னல் கம்பி அறுந்தால் கை தானாகவே 'நில்' நிலைக்குப் போகவேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். அதைத்தான் இதுவும் செய்கிறது என்று மகனிடம் பெருமையாகச் சொன்னேன். என் மனைவியோ, வீட்டைச் சுற்றிலும் துடைக்காத நாலு அங்குலத்தைக் காட்டினாள்.

இதையெல்லாம் மாஷி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இது ந்யாதாவை எப்போ அலசும், தாதா?"

எனக்குப் பதில் இல்லை. அவள் ஒரு அறைக்கு இரண்டு தடவை துணியை அலசுவாள். வீடு முடிவதற்குள் மூன்று தடவை வாளித் தண்ணீரை மாற்றுவாள். எங்கள் யந்திரமோ வயிற்றில் ஒட்டிய ஒரே துணியோடு வீடு முழுவதும் போகிறது. கூடத்து அழுக்கை மூன்றாவது அறையில் பூசுகிறது என்பதை வெள்ளை டைல்ஸ் போட்ட சமையலறையில் விட்டுப் பார்த்தபோது கண்டேன். கோடு கோடாகத் தடம்.

துடைப்பது என்றால் ஈரப்படுத்துவது அல்ல, அழுக்குத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போவது. ஸ்கூபாவிலேயே நல்ல தண்ணீரும் அழுக்குத் தண்ணீரும் கலக்காமல் தனித்தனியே இருந்தன. சமீப வருடங்களில் வரும் விலையுயர்ந்த வகைகள் இரண்டு வட்டத் துணிகளைச் சுழற்றித் தேய்க்கின்றன. சிறிது தூரம் துடைத்ததும் தங்கள் நிலையத்துக்குத் திரும்பித் துணியை அலசி, வெந்நீராவியல்ல, வெறும் சூடான காற்றில் உலர்த்திக்கொள்கின்றன. உருளையை ஓடும்போதே நனைத்து வழிக்கும் வகையும் உண்டு. மாஷியின் கேள்விக்குத்தான் எஞ்சினீயர்கள் இத்தனை வருடம் விடை தேடியிருக்கிறார்கள். அந்த நிலையத்தின் அழுக்குத் தொட்டியைக் கொட்ட மட்டும் பெரும்பாலும் இன்னும் ஒரு ஆள் வேண்டும்.

ஆள் போகக்கூடாத இடத்தில் இந்த யந்திரத்தின் அருமை தெரியும். 2020 ஏப்ரலில் குருகிராமின் மிலாக்ரோ கம்பெனி செய்த தரை துடைக்கும் யந்திரத்தைத் தில்லி எய்ம்ஸின் கொரோனா வார்டில் சோதித்துப் பார்த்தார்கள். கிருமிநாசினியைத் தெளித்துத் தானே துடைத்தது. அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

மாஷி தால்தியிலிருந்து வருகிறாள். விடியுமுன் கேனிங் லோக்கலில் நின்றுகொண்டே வந்து டாகுரியாவில் இறங்கி, நாலு வீடு துடைத்துவிட்டு மத்தியானம் திரும்புகிறாள். அந்த வண்டியில் வரும் பெண்களில் பாதிப் பேராவது இப்படித்தான். வீட்டு வேலை செய்யும் பெண்களின் பஸ்சிம் பங்க கிருஹ பரிச்சாரிகா சமிதி, தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றதே 2018-ல்தான். குந்தி உட்கார்ந்து துடைத்துத் துடைத்து மாஷியின் இரண்டு முழங்காலும் போய்விட்டன. நீளக் கைப்பிடி வைத்த துடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாள், "மூலை வரலை" என்று திரும்பக் குந்திவிட்டாள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. கூடமும் இரண்டு அறைகளும் யந்திரத்துக்கு. கறுப்பு பார்டரும் சமையலறையும் மாடிப்படியும் மாஷிக்கு. சம்பளம் பழையபடியே. ஒவ்வொரு அறை முடிந்ததும் யந்திரத்தை மல்லாத்தி, துணியைப் பிய்த்து அலசி மாட்டுகிறாள். எங்கள் வாசற்படிகள் இரண்டு அங்குலம். அது ஏறுவது முக்கால் அங்குலம்கூட இல்லை. படியில் முட்டிக்கொண்டு அது முனகும்போது, ஒரு கையில் வாளியும் மறு கையில் யந்திரமுமாகத் தூக்கி அடுத்த அறையில் விடுகிறாள்.