மரவாழைக்கு மறுவாழ்வு

வாடிய செடிக்கு ஜலம் வார்ப்பதே நம் இல்லங்களின் வழக்கம். துளசியும் மல்லிகையும் அதனால் தழைக்கும். மரவாழைக்கோ அதுவே யமனாகும். ஆர்க்கிட் என்ற பெயரால் விற்கப்படும் இச்செடியை வாங்குவோரில் அநேகர், நெல்லைச் சீமையின் வெயிலுக்கு அஞ்சி இரு வேளையும் நீர் வார்க்கின்றனர். இலை துவண்டால் தாகமென்று எண்ணி மேலும் வார்க்கின்றனர்.

இதன் இயல்பைப் பொதிகை மலையிற் காணலாம். பாபநாசத்துக்கு மேலுள்ள காடுகளில் மரவாழைகள் மரக்கிளைகளைப் பற்றி வாழ்கின்றன. மழைநீர் நொடியில் வடிந்துவிடும். காற்று வேரை உலர்த்தும். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் பெலனாப்ஸிஸ் தென்கிழக்காசியாவைச் சேர்ந்ததாயினும் அதன் வாழ்வும் இத்தகையதே. மண்ணில் புதைத்தால் காற்றின்றி வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆதலால் ஈரத்தின் நடுவிலேயே இலை வாடுகிறது.

பரிகாரம் எளிது. செடியை வெளியே எடுத்து வேரை அலம்புக. கெட்டியான வேரை விட்டுவிட்டு, குழைந்து பழுத்ததை நெருப்பிற் காட்டிய கத்தியால் அறுத்தெறிக. பூந்தண்டு இருப்பின் அதையும் நீக்குக. சிறிது நேரம் நிழலில் உலர்த்தியபின், துளைகள் நிறைந்த சிறு மண்சட்டியில் அடுப்புக்கரி, ஓட்டுச் சல்லி, உப்புப் போக ஊறவைத்த தேங்காய் மட்டைத் துண்டுகள் இவற்றினிடையே நிறுத்துக. காலை வெயில் மட்டும் இலேசாகப் படும் கிழக்குச் சாளரம் உத்தமம்.

நீர் வேண்டுமா என்பதை வேரே சொல்லும். நனைந்த வேர் பச்சை. உலர்ந்த வேர் வெண்மை. வெளுத்த பிறகே, அதுவும் காலையிலேயே, வார்க்க வேண்டும். குருத்தில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றிவிடுக. புதுவேர் காணும்வரை உரம் ஆகாது. மாதங்கள் சில செல்லலாம். சுருங்கிய பழைய இலை திருந்தாவிடினும் வருந்தற்க. வேரின் பசிய நுனியே நற்குறி.

செத்தால் மலையிலிருந்து வேறொன்று கொணரலாம் என்று எண்ணுதல் தகாது. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய மஞ்சள் நிறப் பாதரட்சை ஆர்க்கிட்டை 1865-ல் கர்னல் ட்ரூரி கண்டார். பின்னர் அது அழிந்ததென்றே கருதப்பட்டு, 1972-ல் மீண்டும் அகப்பட்டது. சேகரிப்போரின் பேராசை இன்றும் அதை அழிவின் விளிம்பில் நிறுத்தியிருக்கிறது. நம் மலையின் செல்வம் மலையிலேயே இருக்கட்டும். வீட்டிலுள்ள ஒரு செடியைப் பிழைப்பிக்கத் தெரிந்தவருக்குக் காட்டில் கை வைக்க நேராது.