உண்டியலும் கருவூலமும்

அன்னதானத்திற்குக் காசோலை எழுதும்போது நம் மனம் குளிர்கிறது. வருமான வரிக்கு எழுதும்போது கசக்கிறது. முன்னது புண்ணியம், பின்னது இழப்பு என்பது நம்மில் பலரது எண்ணம். அது சரிதானா? பசித்த பிள்ளைகளுக்குத் தமிழகம் சோறிட்ட வரலாறு இதற்கு விடை சொல்லும்.

1867ஆம் ஆண்டில் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அதற்கு அரசாணை எதுவும் வேண்டியிருக்கவில்லை. அன்பர்கள் மனமுவந்து அளித்த பொருளே போதுமாயிற்று. பசியைப் பிணியாகக் கண்டு முதலில் இரங்கியது அருளாளர் உள்ளமே, கருவூலம் அன்று.

ஆயினும், வடலூர் வந்து சேர இயலாத பிள்ளையின் பசிக்கு யார் பொறுப்பு? 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது வரம்பு. அச்செலவுக்கு ஆங்கில அரசு இசையாமையால் 1925இல் அது நின்றது. நல்லெண்ணம் இருந்தும் நிதிக்கு உறுதி இல்லையேல் இலை வெறுமையாகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

1956இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவைப் பள்ளிகளில் பரவலாக்கினார். செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றது. மறுபங்கை ஊரார் திரட்டினர். அது ஊர் கூடி இழுத்த தேர். எனினும் ஈகைக்கு ஓர் எல்லை உண்டு. வளமான ஊரில் கொடை பெருகும். வானம் பார்த்த ஊரில் தேவை மிகுதி, கொடுக்கும் கை குறைவு. கொடுப்பவர் பௌர்ணமி, பிறந்தநாள், முன்னோர் திதி என்று நாள் பார்க்கிறார். பசி நாள் பார்ப்பதில்லை.

அந்த எல்லையைக் கடக்க வரிப்பணம் துணைநின்றது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு கிராமப்புறங்களில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் அது நகரங்களுக்கும் விரிந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. தானமாக இருந்தது உரிமையாயிற்று. தட்டேந்தும் குழந்தை எவருக்கும் கடன்பட்டதன்று. அதன் தாயும் சோப்பு வாங்கும்போதெல்லாம் வரி செலுத்துகிறாள்; அந்தச் சோற்றில் அவள் காசும் உண்டு.

வங்கிப் பணியில் நான் பலமுறை கண்டது ஒன்று. வட்டியில் வரி பிடிக்காதிருக்க மூத்த குடிமக்கள் தரும் படிவம், வரி செலுத்த வேண்டிய அளவு வருமானம் இல்லாதவர்களுக்கானது. தகுதியற்ற சிலரும் அதில் கையொப்பமிடுவர். அவர்களே கோயில் திருப்பணிக்குத் தாராளமாக வழங்குவர். ஒரு கையால் பள்ளிப்பிள்ளையின் இலையிலிருந்து எடுத்து, மறுகையால் உண்டியலில் இடுவது எவ்வகையில் தருமமாகும்?

நன்கொடையிலும் ஒரு கணக்கு உண்டு. 80ஜி என நாம் அறிந்த பிரிவின்படி பாதித் தொகைக்கு விலக்கு பெறுபவர், முப்பது விழுக்காடு வரி கட்டுபவராயின், பத்தாயிரம் ரூபாய் கொடையில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரியில் குறையும். கல்வெட்டில் பொறிப்பது நம் பெயரை மட்டுமே. கொடையில் ஒரு பங்கு ஊராருடையது.

இதனால் ஈகை தேவையற்றது என்று கொள்ளலாகாது. வரிப்பணம் வீணாவதும் உண்டு. அதைக் கேள்வி கேட்பது நம் கடமை. குடும்ப அட்டை இல்லாத மூதாட்டியும், இடம் கிடைத்தும் விடுதிக் கட்டணம் இல்லாத மாணவனும் விதிகளின் கண்ணுக்குத் தப்புவர். அவர்களை அடுத்த வீட்டாரின் கண்ணே காணும். அங்குதான் ஈகைக்கு வேலை.

ஊருக்கெல்லாம் உலை வைப்பது வரி. உலையருகே வர இயலாதவரைத் தேடிச் சென்று ஊட்டுவது ஈகை. வரியை முறையாகச் செலுத்திய கையால் உண்டியலில் இடுவோம். அந்தக் காணிக்கைக்குத்தான் நிறைவு உண்டு.