கல்யாணப் பத்திரிகையில் கீரை விதை

பளபளப்பான கல்யாணப் பத்திரிகை ஒன்றை எருக்குழியில் போட்டுப் பாருங்கள். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலம் அடுத்த போகத்துக்கும் அப்படியே கிடக்கும். அதனால் மகள் கல்யாணத்துக்கு 200 பத்திரிகையை வீட்டிலேயே செய்தோம்.

விதைத்தாள் செய்யும் பெட்டி இப்போது கடையில் கிடைக்கிறது. மரச்சட்டம், வலை, தாள் கூழ், ஒரு விதைப் பொட்டலம், அவ்வளவுதான். வாங்கித்தான் ஆகணும்னு இல்லை. சட்டத்தை ஆசாரி அடித்துத் தருவார், வலைக்கு நைலான் கொசுவலை போதும். பொட்டலத்தில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. என்ன ரகம், எந்த வருசத்து விதைன்னு தெரியாததை நம்ம சொந்தபந்தத்துக்குக் கொடுக்கலாமா?

நாங்கள் எடுத்தது எங்கள் தோட்டத்துச் சிறுகீரை விதை. ஒரு பத்திரிகைக்கு 25 விதை போட்டாலும் மொத்தத்துக்கு 5 கிராம்கூட ஆகாது. அவரை, வெண்டை மாதிரி பெரிய விதை தாளில் நிற்காமல் உதிர்ந்துவிடும். திருநீற்றுப்பச்சிலை விதை தண்ணீர் பட்டதும் வழவழன்னு ஊதிக்கும், அதுவும் வேண்டாம்.

பேச்சை எடுத்ததுமே பெரியப்பா கேட்டார்: "ஏப்பா, சாமி படமும் பொண்ணு மாப்பிள்ளை பேரும் இருக்கிற பத்திரிகையை மண்ணுல புதைக்கச் சொல்றியா?" நியாயமான கேள்வி. அதனால் விதையைத் தாள் முழுக்கப் போடாமல், கீழே இரண்டு அங்குலப் பட்டையில் மட்டும் போட்டோம். பட்டையைக் கிழித்து விதைக்கலாம், மேல்பாதி வீட்டில் இருக்கும்.

ஒரு பக்கம் எழுதிய ஏ4 தாள் இரண்டு இருந்தால் 6க்கு 9 அங்குலத்தில் ஒரு பத்திரிகை வரும். கிழித்து ராத்திரி ஊறவைத்து, காலையில் மிக்சியில் கூழாக்குங்கள். மை பரவாமலிருக்கக் கொஞ்சம் சோற்றுக்கஞ்சி சேர்க்கணும். விதையை மிக்சியில் போடக் கூடாது, சிதைந்துபோகும். அகலமான தொட்டித் தண்ணீரில் கூழைக் கரைத்து, சட்டத்தை முக்கித் தூக்குங்கள். தண்ணீர் வடிந்ததும் கீழ்ப்பட்டையில் விதை தூவி, அதன்மேல் நீர்த்த கூழை மெலிசாக ஊற்றுங்கள். பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஈரத்தாளில் ஒரு நூலை வைத்து அழுத்தி எடுத்தால் கிழிக்கும் கோடு விழுந்துவிடும்.

இனிமேல்தான் கவனம். ஈரம் நின்றால் விதை தாளிலேயே முளைவிடும். மின்விசிறிக் காற்றில், நிழலில் ஒரே நாளில் காயணும். இஸ்திரி போடக் கூடாது. தை முகூர்த்தம் என்றால் மார்கழிப் பனியில் காய்வது கஷ்டம், கூடுதலாக நாள் ஒதுக்குங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு 40 தாள் வரும். நனைந்து காய்ந்த விதைக்கு ஆயுள் குறைவு. முகூர்த்தத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் முன்கூட்டிச் செய்யாதீர்கள். முதல் தாளில் ஒரு பட்டையைத் தொட்டியில் போட்டு, ஒரு வாரம் பொறுத்து முளைப்பை எண்ணிவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

லேசர் பிரிண்டர் வேண்டாம், அதன் சூடு விதையைக் கொல்லும். ஸ்கிரீன் பிரிண்டிங் போதும். பட்டையில் "சிறுகீரை. லேசா மண் மூடி, பூவாளியால தண்ணி தெளிங்க" என்று அச்சிட்டோம். மூலையில் மஞ்சள் தடவும்போது மேல் இரண்டு மூலைக்குக் குழைத்த மஞ்சள், பட்டையிலிருக்கும் கீழ் மூலைகளுக்கு உலர்ந்த மஞ்சள்தூள்.