ஒரு ஸ்டார்ட்டுக்கு எத்தனை ஜூல்?

போன மாதம் ஒருநாள் காலையில் காரின் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாரன் அடித்தது, விளக்கும் எரிந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க" என்றார். மல்டிமீட்டரை வைத்தேன்: 12.6 வோல்ட். முழுசா சார்ஜ் ஆன பேட்டரி காட்டுகிற அளவு அது. அப்புறம் ஏன் இஞ்சின் சுற்றவில்லை?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சின்ன பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது சுமார் 150 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பேட்டரியின் வோல்டேஜ் 12.6-இலேயே நிற்காது, 10 வாக்கில் இறங்கிவிடும். கணக்கில் போடவேண்டியது இந்த 10-ஐத்தான். இஞ்சின் பிடிக்க 2 விநாடி ஆனால்:

10 × 150 × 2 = 3,000 ஜூல்.

அறுபது கிலோ ஆள் ஒன்றரை மாடி ஏறுகிற உழைப்புதான் இது. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 15 லட்சம் ஜூல் இருக்கும். ஒரு ஸ்டார்ட்டுக்கு அதில் ஐந்நூறில் ஒரு பங்குதான் போகிறது. 55 வாட் ஹெட்லைட் இரண்டும் அரை நிமிஷம் எரிந்தாலே இவ்வளவு செலவாகிவிடும்.

ஆக, ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த 3,000 ஜூலும் இரண்டே விநாடியில் வந்தாக வேண்டும். அதாவது 1,500 வாட். அவ்வளவு கரண்ட் போகிற பாதையில் துளி மின்தடை இருந்தாலும் காரியம் கெட்டுவிடும்.

பானட்டைத் திறந்து பார்த்தேன். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. அந்தப் பொடியின் தடை வெறும் 0.05 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹாரனுக்கு 5 ஆம்பியர் போதும், இழப்பு 0.25 வோல்ட், தெரியவே தெரியாது. 150 ஆம்பியர் போக வேண்டுமென்றால் அங்கேயே 7.5 வோல்ட் போய்விடும். மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? ஹாரன் அடித்தும் இஞ்சின் சுற்றாததற்குக் காரணம் இதுதான்.

நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றி, இரண்டு டெர்மினலையும் சுடுதண்ணீர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது. புது பேட்டரிக்கான பணம் மிச்சம்.

இனி பேட்டரியைச் சந்தேகப்பட்டால், வண்டி சும்மா நிற்கும்போது மட்டும் வோல்டேஜ் பார்க்காதீர்கள். யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி, அந்த இரண்டு விநாடியில் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை டெர்மினலில், இன்னொன்று அதன்மேல் மாட்டிய கிளாம்பில். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் குற்றவாளி பேட்டரி இல்லை, அந்தப் பொடிதான்.