பழைய போக்கிமோன் ஆட்டத்தில் ‘சேவ்’ செய்தது இன்னும் இருக்குமா?

அண்ணனோ சித்தப்பாவோ ஆங் பாவ் காசு சேர்த்து, சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய கேம் பாய் வீட்டு அலமாரியில் கிடக்கிறதா? கூடவே போக்கிமோன் கார்ட்ரிட்ஜும் இருந்தால், இதைப் படிச்சிட்டுப் போங்க.

ஜப்பானில் 1996இல் வெளிவந்த முதல் போக்கிமோன் ஆட்டங்களும், 1999இல் வந்த கோல்ட், சில்வரும் நீங்கள் விட்ட இடத்தை ஒரு நினைவுச் சில்லில் வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் அந்தச் சில்லு எல்லாத்தையும் மறந்துவிடும். அதனால்தான் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே காசு வடிவத்தில் ஒரு பேட்டரி. கேம் பாயை அணைத்த பிறகும் அதுதான் சில்லுக்கு மின்சாரம் தருகிறது.

கோல்ட், சில்வரில் சிக்கல் இன்னும் பெரிசு. ஆட்டத்தில் பகல், இரவு மாற ஒரு கடிகாரம் உண்டு. அதுவும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. அதனால் பிறகு வந்த ஆட்டமாக இருந்தும், பெரும்பாலும் இதன் பேட்டரிதான் முதலில் தீரும்.

பேட்டரியை மாற்றலாமே? மாற்றலாம். ஆனால் வேறு மின்சாரம் கொடுக்காமல் கழற்றினால், வளர்த்த போக்கிமோன் அத்தனையும் போச்சு! கார்ட்ரிட்ஜில் உள்ளதைக் கணினிக்கு எடுத்துவைக்கும் கருவிகள் விற்பனையில் உண்டு. முதலில் நகல், அப்புறம் பேட்டரி.

எடுத்ததும் ஊதாதீங்க (அந்தக் காலத்தில் எல்லாரும் ஊதினோம்). வாயின் ஈரம் உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். ஆட்டம் ஓடியதற்குக் காரணம் ஊதியது அல்ல, வெளியே எடுத்து மறுபடி செருகியது.

திரையில் ‘கண்டினியூ’ தெரிந்தால் இன்றே நகலெடுங்கள். ‘நியூ கேம்’ மட்டும் வந்தால், பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.