வால்டியூப், தீக்குச்சி, சோடா பாட்டில்... உங்கள் வீட்டிலேயே இருக்கிறது சயின்ஸ் லேப்!

மத்தியப் பிரதேசத்தில், ஹோஷங்காபாத் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வாரச் சந்தை. ஆண்டு 1978. கான்பூர் ஐ.ஐ.டி-யில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் முடித்து, புனேவில் லாரி தயாரிக்கும் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே வந்திருந்தார். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு திட்டத்தில் வேலை செய்ய! சந்தையில் அவர் கண்ணில் பட்டது சைக்கிள் வால்டியூப். அதைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சிகளைச் செருகிப் பார்த்தார். வளையும், ஆனால் கழன்று விழாத ஒரு மூட்டு கிடைத்துவிட்டது.

அந்த இளைஞர் அரவிந்த் குப்தா. 'குப்பையிலிருந்து பொம்மை' என்று ஊர் ஊராகப் பள்ளிகளில் செய்துகாட்டியவர். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

அவருடைய தீக்குச்சி விளையாட்டை இன்றைக்கே செய்து பார்க்கலாம். மருந்துத் தலையைக் கிள்ளி எறிந்த மூன்று குச்சிகள், ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் மூன்று வால்டியூப் துண்டுகள். சேர்த்தால் முக்கோணம். நான்கு குச்சி, நான்கு துண்டு என்றால் சதுரம். இப்போது இரண்டையும் மூலையில் பிடித்து அழுத்தச் சொல்லுங்கள். சதுரம் உடனே சாய்ந்து பட்டம் மாதிரி ஆகிவிடும். முக்கோணம் அசையாது. சதுரத்தின் குறுக்கே ஓர் ஈர்க்குச்சியை மூலைக்கு மூலை வைத்துக் கட்டினால் அதுவும் நிமிர்ந்து நின்றுவிடும். ஏன்? ஒரு சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு செல்போன் டவரைப் பார்த்தாலும், ரயில் பாலத்தைப் பார்த்தாலும், வீட்டு கேட்டில் சாய்வாக வைத்த இரும்புப் பட்டையைப் பார்த்தாலும் முக்கோணம்தான் தெரியும்.

ஒரே ஒரு நிபந்தனை. அழுத்துவதற்கு முன்னால், "எது சாயும், எது நிற்கும்?" என்று கேட்டுவிட வேண்டும். பதில் தப்பாக வந்தால் இன்னும் நல்லது. தப்பாக ஊகித்த பிள்ளைதான் அடுத்த நிமிடம் கண்ணை அகல விரித்துப் பார்க்கும்.

கேள்விக்கு ஒரு முகவரி

குப்தா போய்ச் சேர்ந்த திட்டமும் சாதாரணமானது இல்லை. 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பித்தது அது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் அரசோடு சேர்ந்து தொடங்கின. சில ஆண்டுகளில் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-ல் உருவான 'ஏகலவ்யா' அமைப்பு அதைத் தொடர்ந்து நடத்தியது.

அந்த வகுப்பில் பிள்ளைகள் நான்கு பேராகச் சேர்ந்து உட்கார்ந்து சோதனை செய்வார்கள். கிடைத்த விடையை நோட்டில் எழுதுவார்கள். பாடப்புத்தகத்தில் கேள்விகள் இருக்கும், விடைகள் இருக்காது. தேர்வுக்குப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போகலாம்! நம் ஊர் அம்மாக்கள் இதைக் கேட்டால் மயங்கியே விழுந்துவிடுவார்கள். ஆனால், விடையே இல்லாத புத்தகத்தைப் பார்த்து எதைக் காப்பியடிப்பது?

இன்னொரு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். புத்தகத்தில் 'சவாலிராம்' என்று ஒரு கற்பனைப் பாத்திரம் இருந்தார். நாம் போட்டிக்கு அழைப்பதற்குச் சொல்லும் 'சவால்', இந்தியில் 'கேள்வி'. சவாலிராமுக்கு எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கடிதமாக எழுதலாம். பிள்ளைகள் எழுதினார்கள். திட்டத்தில் இருந்தவர்கள் சவாலிராம் பெயரில் பதிலும் போட்டார்கள்.

முப்பது ஆண்டுகள் நடந்த திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. சோதனைப் பெட்டிகளோடு வளர்ந்த ஒரு மாவட்டம் பழையபடி மனப்பாடத்துக்குத் திரும்ப ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. நல்ல வகுப்பறையைக் கட்டுவதற்கு ஆன காலத்தையும், கலைப்பதற்கு ஆன காலத்தையும் ஒப்பிட்டால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஊதினால் ஒன்று, தட்டினால் இன்னொன்று

சரி, நம் ஊருக்கு வருவோம். பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி 'பீப்பீ' ஊதாத தாத்தா பாட்டி குறைவு. நசுக்கிய முனையில் இரண்டு மடிப்புகள் படபடவென்று அதிர்வதால்தான் சத்தம் வருகிறது. நாகஸ்வரத்தின் சீவாளியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 'ஒலி என்பது அதிர்வு' என்று பத்து முறை எழுதிப் பார்ப்பதைவிட, உதட்டில் அந்தக் குறுகுறுப்பை ஒரு முறை உணர்வது எவ்வளவோ மேல். ஊதிக் காட்டும் வேலையை வீட்டுப் பெரியவர்களிடமே விட்டுவிடலாம். அவர்களுக்கும் குஷி!

இதே வரிசையில் இன்னொரு சோதனை. ஒரே மாதிரியான மூன்று கண்ணாடி பாட்டில்கள் வேண்டும். பன்னீர் சோடா பாட்டில் அருமையாக இருக்கும். ஒன்றில் கால் பங்கு, அடுத்ததில் பாதி, மூன்றாவதில் முக்கால் பங்கு தண்ணீர். முதலில் ஸ்பூனால் மெதுவாகத் தட்டுங்கள். தண்ணீர் அதிகமுள்ள பாட்டிலில் சுருதி இறங்கிக் கேட்கும். கச்சேரியில் ஜலதரங்கம் வாசிப்பவர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சுருதி சேர்ப்பது இப்படித்தான்.

இப்போது அதே பாட்டில்களின் வாயில் உதட்டை வைத்துப் பக்கவாட்டில் ஊதச் சொல்லுங்கள். வரிசை தலைகீழாகிவிடும்! தண்ணீர் அதிகமுள்ள பாட்டில்தான் இப்போது கீச்சென்று கத்தும்.

காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள் யோசிக்க விடுங்கள். தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் அதோடு ஒட்டிய தண்ணீரும். தண்ணீர் கூடினால் சுமை கூடுகிறது, அதிர்வு மெதுவாகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறைகிறது, அதிர்வு வேகமாகிறது. 'எது அதிர்கிறது?' என்று பிள்ளையே கேட்டுவிட்டால், பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

கல்லும் நூலும்

இதைவிட மலிவான சோதனை கிடையாது. ஒரு நூல், ஒரு சின்னக் கல், செல்போனில் உள்ள ஸ்டாப் வாட்ச். ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டு லேசாக ஆட்டுங்கள். போய்த் திரும்பி வந்தால் ஒன்று என்று எண்ண வேண்டும். ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 30 முறை ஆடும்.

பெரிய கல்லைக் கட்டினால்? அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் 'வேகமாக ஆடும்' என்றோ 'மெதுவாக ஆடும்' என்றோதான் சொல்வார்கள். கட்டிப் பார்த்தால் அதே 30. அடுத்து, நூலைக் கால் மீட்டராக, அதாவது 25 சென்டிமீட்டராகக் குறைத்தால்? நான்கில் ஒரு பங்கு ஆகிவிட்டதே, நான்கு மடங்கு வேகம் என்று கணக்குப் போடும் கெட்டிக்காரப் பிள்ளையும் இருக்கும். எண்ணிப் பார்த்தால் சுமார் 60. இரண்டு மடங்குதான். நீளத்தை ஆணியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். முடிச்சு வரைக்கும் அளந்துவிட்டு எண்ணிக்கை சரியாக வரவில்லை என்று சண்டை போடுவதும் பாடத்தில் சேர்ந்ததே.

பேட்டரி, காந்தம், இரண்டு சேஃப்டி பின், கொஞ்சம் செம்புக் கம்பி வைத்து மோட்டார் செய்வது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. கம்பி, மோட்டாருக்கு காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும். பழைய ஸ்பீக்கரில் காந்தம் இருக்கும். பெரும்பாலும் இது ஓடாமல் போவது ஒரே காரணத்தால்தான்: கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சைச் சுரண்ட மறந்துவிடுவார்கள். காயிலின் ஒரு முனையில் முழுதாகவும், மறு முனையில் ஒரு பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். ஓடாவிட்டால் பேட்டரியை உடனே கழற்றிவிடுங்கள், கம்பி சூடாகும். வீட்டு கரன்ட் பக்கம் மட்டும் பிள்ளைகளை விடவே கூடாது.

கடையில் வாங்கிய எரிமலை

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் முந்தின நாள் இரவு என்ன நடக்கிறது? ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோல் எரிமலையை ரெடிமேடாக வாங்குகிறோம். அல்லது அப்பா உட்கார்ந்து ஒட்டுகிறார், பிள்ளை தூங்குகிறது. மறுநாள் பரிசு அப்பாவுக்குக் கிடைக்கிறது! கோணலாக ஒட்டிய முக்கோணத்தைத் தானே கொண்டுபோகும் பிள்ளைக்கு மார்க் குறையலாம். அந்த மார்க்கைக் குறைக்காமல் இருப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் சங்கடம் உண்டு. சிலபஸ் முடிக்க வேண்டும். வகுப்பில் கூட்டம். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பீரோவுக்குள்ளேயே இருக்கும் கருவிகள் எத்தனையோ. அந்தப் பயத்துக்கு மருந்து, உடைந்தாலும் நஷ்டமில்லாத வால்டியூப்பும் சோடா பாட்டிலும்தான்.

துணைக்கு ஆட்களும் இருக்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ் 1987-ல் இருந்து வருகிறது. 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள், தங்கள் ஊர்ப் பிரச்னை ஒன்றைத் தாங்களே ஆய்வு செய்து கொண்டுபோக, குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்காக 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்டது 'வானவில் மன்றம்'. சோதனைப் பொருள்களோடு கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து செய்துகாட்டும் திட்டம் இது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்குக் கடைசியாக எப்போது வந்தார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பதில் தப்பே இல்லை. அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் பொம்மை செய்முறைகளும் நூல்களும் இலவசம். தமிழிலும் உண்டு.

இன்று மாலை சைக்கிள் கடைக்குப் போனால், அரை மீட்டர் வால்டியூப் கேளுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் வீதம் வெட்டினால் 33 துண்டுகள் தேறும். ஒரு முக்கோணத்துக்கு மூன்று என்றால், பதினொரு பேர் உட்கார்ந்து செய்யலாம்.